அந்த ஈய முத்திரை

மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரைக் கும்பிடுகிறவர்கள் துப்பாக்கி தூக்கலாமா? டீக்கடை பெஞ்சில் நண்பர் ஒருவர் கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்னொரு டீ சொல்லிவிட்டுத்தான் தொடங்க முடிந்தது. ஆமாம், இல்லை என்ற இரண்டு பதிலுக்குமே கிறிஸ்தவத்தில் வேர் உண்டு.

முதலில் பைபிள். இயேசுவைப் பிடிக்க வந்த இரவில் பேதுரு பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் வலது காதை வெட்டிவிடுகிறார். பட்டயத்தை உறையில் போடச் சொல்கிறார் இயேசு. அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்றும் லூக்கா எழுதுகிறார். ஆனால் யோவான் ஸ்நானனிடம் போர்ச்சேவகர்கள் வந்து வழி கேட்டபோது, மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், சம்பளமே போதும் என்றிருக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். வேலையை விடச் சொல்லவில்லை.

இந்த இழுபறி ஒரு மனிதனின் கழுத்துக்கே வந்த நாள் கி.பி. 295 மார்ச் 12. இடம், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தெபெஸ்ஸா. 21 வயது மாக்சிமிலியானை அவன் அப்பாவோடு ரோம ஆளுநர் தியோன் முன் நிறுத்துகிறார்கள். நான் கிறிஸ்தவன், படையில் சேர மாட்டேன் என்கிறான். விடாமல் உயரம் அளக்கிறார்கள்: ரோம அளவில் 5 அடி 10 அங்குலம். படையில் சேர்ந்ததற்கு அடையாளமாகக் கழுத்தில் ஈய முத்திரை ஒன்றைப் போட வேண்டும். போட்டால் உடைத்துவிடுவேன் என்கிறான். பேரரசரின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று ஆளுநர் மடக்குகிறார். அவர்களுக்கு எது சரி என்பது அவர்களுக்குத் தெரியும் என்று பதில் வருகிறது. மற்றவர்களை அவன் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கிறார்கள். கொலைக்களத்தில் அப்பாவைப் பார்த்துச் சொல்கிறான்: எனக்காக எடுத்துவைத்த புது உடுப்பை என் தலையை வெட்டப்போகும் இந்தச் சேவகனுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த உடுப்பை என்னால் கடந்துபோக முடிவதில்லை. மகன் படைக்குப் போவான் என்று நம்பித்தானே அப்பா எடுத்து வைத்திருப்பார்!

அடுத்த இருபது ஆண்டுக்குள் கான்ஸ்டன்டைன் வந்துவிட்டார், 313இல் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கிடைத்தது. பேரரசரே கிறிஸ்தவர்களின் பக்கம் வந்தபின் எல்லையை யார் காப்பது? இதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் அகுஸ்தீன். ஹிப்போ நகரின் ஆயர். அந்த ஊரும் இன்றைய அல்ஜீரியாவில்தான், அன்னாபா என்ற பெயரில் இருக்கிறது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். தற்காப்பு நியாயம், போர்தான் சந்தேகத்துக்குரியது என்று நாம் நினைப்போம். அகுஸ்தீன் அதைத் தலைகீழாக்கினார். என் உயிரைக் காக்க இன்னொருவனைக் கொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது என் மீதே எனக்குள்ள பற்று. பிறரைக் காக்கும் பொறுப்பில், முறையான அதிகாரத்தின் கீழ் நிற்கும் சேவகனுக்கு மட்டும் விலக்கு. அவனுக்கும் பகையோ பழிவாங்கும் ஆசையோ கூடாது. நியாயப் போர் என்று பின்னால் பெயர் பெற்ற கொள்கை, போருக்குப் போட்ட கடிவாளம். அதைப் போருக்கான அனுமதிச் சீட்டாக்கிய அரசர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

தனி மனிதன் தன்னைக் காத்துக்கொள்வதற்கு 13ஆம் நூற்றாண்டில் இடம் கொடுத்தவர் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். நோக்கம் உயிரைக் காப்பதாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் பலம் காட்டக் கூடாது என்பது அவர் வைத்த அளவு. மெனோனைட்டுகள், குவேக்கர்கள் ஆகிய கிறிஸ்தவப் பிரிவினர் இந்தக் கணக்கையே ஏற்கவில்லை, ஆயுதமே வேண்டாம் என்றார்கள்.

கடைசியாக ஒரு விவசாயி. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடகுண்ட் கிராமத்து ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர், பெண் குழந்தைகளின் அப்பா. எல்லாப் போரையும் மறுத்தவர் அல்ல அவர். ராணுவப் பயிற்சிக்கும் போய்வந்தவர். ஹிட்லரின் போர் அநியாயம் என்று கண்டதால் 1943 மார்ச்சில் சண்டையிட மறுத்தார். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யத் தயார் என்றார். ஆட்சியாளர்கள் செய்வதற்கு நீ பொறுப்பல்ல, குடும்பத்தைப் பார் என்றார் அவருடைய ஆயர். அகுஸ்தீன் வழிவந்த கொள்கையை வரப்பில் நின்று உள்ளபடியே எடுத்துக்கொண்டவர் அந்த விவசாயிதான். ஆகஸ்ட் 9இல் பிராண்டன்பர்க் சிறையில் அவருடைய தலையை வெட்டினார்கள்.

பம்பாயில் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ், கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் யேகர்ஸ்டேட்டரின் கதையை வைத்தார். மனசாட்சிக்காக ஆயுதம் மறுப்பவர்களைச் சட்டம் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்று 1965இல் அந்தச் சங்கம் எழுதியது. யேகர்ஸ்டேட்டரின் மனைவி ஃபிரான்சிஸ்காவுக்கோ போர் விதவை ஓய்வூதியமே 1950 வரை கிடைக்கவில்லை. நிலத்தை உழுது, பிள்ளைகளை வளர்த்து, ஊராரின் பேச்சையும் தாங்கினார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது, 94 வயதில் அங்கே இருந்தார்.