முதல் மேடைக்கு முந்தைய வாரங்கள்

ஐந்து வயதில் ஆடத் தொடங்கிய மாதவி, ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் மேடை ஏறினாள் என்கிறது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. அவள் ஆடியதைச் சொல்வதற்கு முன்பே இளங்கோவடிகள் மற்றவர்களின் வேலையைச் சொல்லிவிடுகிறார். ஆடல் ஆசான் எப்படிப்பட்டவர், குழல் ஊதுபவருக்கும் யாழ் மீட்டுபவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், மேடையின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று வரிசையாக வருகிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததையும் அவர் விடவில்லை.

இன்று அந்த வேலைகளில் பாதி பெற்றோரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் என்று தென்சென்னைப் புறநகரில் தெருவுக்குத் தெரு பரதநாட்டிய வகுப்புகள் உண்டு. பெரும்பாலும் ஆசிரியையின் வீட்டுக் கூடத்தில், இல்லையென்றால் மாடியில். அடவு எனும் அடிப்படை அசைவுகளை ஓரிரு வருடம் பழகிய பிள்ளைக்கு முதல் மேடை என்பது வகுப்பின் ஆண்டு விழாவாக, நவராத்திரிக்குக் கோயிலில் ஆடும் பத்து நிமிடமாக, அல்லது சலங்கை பூஜையாக இருக்கும். நடராஜர் முன் வைத்துப் பூஜித்த சலங்கையைக் குரு எடுத்துக் கொடுக்க, அதைக் கட்டிக்கொண்டு புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதீஸ்வரம் என்று பிள்ளை ஆடும். முதல் முழுக் கச்சேரியான அரங்கேற்றம் இதற்குப் பல வருடங்களுக்கு அப்பால் இருக்கிறது.

அப்பால் இருப்பதே நல்லது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் அரங்கேற்றத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படும் வீடுகள் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளலாம். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. பாட்டி வீணை தனம்மாள், அம்மா ஜெயம்மாள் பாடகி, குரு கந்தப்ப பிள்ளை. மூச்சுக்கு மூச்சு இசை கேட்ட வீடு அது. கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை 1936இல் தொடங்கிய ருக்மிணி தேவி, அதற்கு முந்தைய ஆண்டு அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் முதன்முதலாகப் பரதம் ஆடியபோது அவருக்கு வயது 31.

வீட்டில் பயிற்சி என்றதும் பல அம்மாக்கள் யூடியூபைத் திறந்து திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். ஒவ்வொரு பாணிக்கும் ஒரு கை வைப்பு இருக்கிறது. ஆசிரியை சொன்னதற்கு மாறாக வீட்டில் ஒன்று சொன்னால் பிள்ளைதான் தடுமாறும். பெற்றோர் கவனிக்க வேண்டியது உடம்பை. அரைமண்டியில், அதாவது பாதி உட்கார்ந்த நிலையில், முழங்கால் பாதத்தின் திசையிலேயே விரிய வேண்டும். பாதம் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால் முன்னால் சாய்ந்தால் பாரமெல்லாம் முழங்கால் மூட்டில் இறங்கும். அடுக்குமாடி வீட்டின் டைல்ஸ் தரை, கீழே கான்கிரீட். அதில் தினமும் ஒரு மணி நேரம் தட்டடவு போட்டால் குதிகாலும் கணுக்காலும் வலிக்கும். இருபது நிமிடம் போதும், ஒழுங்காக. வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ஆசிரியையிடமும் மருத்துவரிடமும் சொல்லத் தயங்கக் கூடாது.

வகுப்பில் ஆசிரியை தாளம் போடும் தட்டுகழியின் சத்தத்துக்கு ஆடிய பிள்ளை, விழாவில் பதிவு செய்த பாட்டுக்கு ஆடப்போகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். காலப்பிரமாணம் கொஞ்சம் மாறினாலும் கால் தடுமாறும். அதே பதிவை வாங்கி வீட்டில் ஓடவிடுவது பெரிய உதவி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முழு அலங்காரத்தோடு ஒரு முறையாவது ஆடிப் பார்ப்பது. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். சலங்கை கட்டியதும் காலின் கனம் மாறுகிறது; தன் காலிலிருந்தே எழும் சத்தம் பிள்ளைக்குப் புதிது. தோல் பட்டை கணுக்காலை உரசும் என்பதால் அடியில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டுவது வழக்கம். ஒட்டியாணத்தை நின்றபடி இறுக்கினால் அரைமண்டியில் மூச்சு முட்டும். உட்காரச் சொல்லிவிட்டு இறுக்க வேண்டும். நெற்றிச்சுட்டி அலாரிப்பில் கழுத்து அசைக்கும்போது நழுவுகிறதா, விசிறி மடிப்பு காலில் சிக்குகிறதா, சவுரியின் பாரத்தில் பின்னல் இறங்குகிறதா என்பதெல்லாம் ஆடினால்தான் தெரியும். முந்தின நாள் தலையில் எண்ணெய் வைத்தால் கொண்டை ஊசி நிற்காது. கை காலில் பூசும் அல்டாவும் முகப்பூச்சும் சருமத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வாரம் முன்பே முன்கையில் தடவிப் பார்த்துவிடலாம்.

நகைக்கும் உடைக்கும் கடன் வாங்க வேண்டியதில்லை. வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடம் உடை குட்டையாகிவிடும். வாடகைக்குக் கிடைக்கிறது, வகுப்பில் மூத்த பிள்ளைகளிடம் கேட்டாலும் கிடைக்கும்.

விழா நாளில் முதல் எதிரி ஜி.எஸ்.டி. சாலை. மாலை நேரத்தில் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஓடி வந்து மேடை ஏறும் பிள்ளை எதை நினைவில் வைத்திருக்கும்? சீக்கிரம் போனால் காலி மேடையில் ஒரு முறை நடக்கவிடலாம். எந்தப் பக்கம் நுழைவது, நடு இடம் எது, விளக்கு கண்ணில் கூசுகிறதா என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் முன்பே இட்லியோ தயிர் சாதமோ கொஞ்சமாகக் கொடுத்து, உடை கட்டுவதற்கு முன் கழிப்பறைக்கு அனுப்பிவிட வேண்டும். கட்டிய பிறகு அவிழ்ப்பது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

நடுவில் மறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வைக்கலாம். ஓடக் கூடாது, அம்மாவைத் தேடக் கூடாது. அரைமண்டியில் நின்று தாளத்தைக் கேட்டு, அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். முன் வரிசையிலிருந்து கை காட்டும் அம்மாவும், ஃபோன் விளக்கை முகத்தில் அடிக்கும் அப்பாவும் அதற்கு இடைஞ்சல்.

முடிந்து வீடு திரும்பியதும் சலங்கையின் வியர்வையைத் துடைத்துக் காயவைத்து, வெந்நீரில் பிள்ளையின் காலை ஊறவிடலாம். எங்கே தப்பு வந்தது என்ற பேச்சை அன்றிரவு எடுக்க வேண்டாம். அடுத்த வகுப்பில் ஆசிரியையே சொல்வார்.