கோஷா மருத்துவமனை, சென்னை

கோஷா மருத்துவமனை என்பது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னையில் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட மருத்துவமனை ஆகும். இதன் இன்றைய பெயர் அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்திற்கு அருகில் அமைந்துள்ளது. திருவல்லிக்கேணி வட்டார மக்கள் இன்றும் இதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர்.

பெயர்க் காரணம்

கோஷா என்ற பாரசீகச் சொல்லுக்கு மூலை, ஒதுக்கிடம் என்பது பொருள். அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் பெண்கள் திரைக்குள் வாழும் வழக்கத்தை இச்சொல் குறித்தது. மருத்துவமனையின் முதல் பெயர் 'விக்டோரியா சாதி மற்றும் கோஷா பெண்கள் மருத்துவமனை' என்பதாகும். பெயரிலுள்ள 'சாதி', சாதிக் கட்டுப்பாட்டால் பொது மருத்துவமனைக்கு வராத இந்துப் பெண்களையும், 'கோஷா', பெரும்பாலும் இசுலாமியப் பெண்களையும் சுட்டின.

பின்னணி

சென்னையில் அரசுப் பொது மருத்துவமனை 1664 முதலும், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844 முதலும் இயங்கி வந்தன. ஆனால் அங்கு மருத்துவம் பார்த்தவர்கள் ஆண்கள். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிட, பேறுகால வேதனையை வீட்டிலேயே தாங்குவது மேல் எனப் பல குடும்பங்கள் எண்ணின. மருத்துவமனை இருந்தும் அவர்களுக்குப் பயனில்லை.

சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி மேரி ஷார்லிப், இந்நிலையை அறிந்து மருத்துவம் கற்க முன்வந்தார். 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவருடன் மேலும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் இலண்டனில் 1882 இல் பட்டம் பெற்று, 1883 இல் சென்னை திரும்பினார்.

கட்டடம்

1885 இல் ஷார்லிப்பின் முயற்சியால் நுங்கம்பாக்கத்தில் மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃபின் மனைவியும் இதற்குத் துணைநின்றார். உடல்நலக் குறைவால் ஷார்லிப் 1887 இல் இங்கிலாந்து திரும்பினார்; எனினும் பணி நிற்கவில்லை. சேப்பாக்கத்தில் அரசு நிலம் அளித்தது. வெங்கடகிரி அரசர் கட்டடத்திற்கு 1 இலட்சம் ரூபாய் நன்கொடை வழங்கினார். 1890 இல் மருத்துவமனை புதிய கட்டடத்திற்கு மாறியது.

பிற்காலம்

பின்னாளில் அரசு இம்மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது. விடுதலைக்குப் பின் காந்தியடிகளின் துணைவியார் பெயர் சூட்டப்பட்டது. இன்று எல்லாச் சாதி, சமயப் பெண்களும் இங்குக் கட்டணமின்றி மகப்பேறு மருத்துவம் பெறுகின்றனர். பலகையிலிருந்து 'சாதி' நீங்கிவிட்டது. 'கோஷா' மட்டும், திரைக்குள் இருந்த பெண்களுக்காகக் கதவு திறந்த காலத்தின் நினைவாக மக்கள் பேச்சில் நிலைத்துள்ளது.