போதை ஊசி போடுபவருக்கு அரசே புது ஊசி கொடுப்பது ஏன்?

2024 ஜூலையில் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்தச் செய்தி சுற்றியிருக்கும்: "திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் மரணம்." ஒரே வருடத்தில் இவ்வளவு பேரா என்று பலரும் அதிர்ந்தார்கள். சில ஊடகங்களும் அப்படித்தான் தலைப்பு வைத்தன.

எண் சரிதான். காலம்தான் விடுபட்டுப் போனது. சில நாட்களில் அங்குள்ள மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் விளக்கம் கொடுத்தது: அது 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை, 17 ஆண்டுகளில் பதிவான மொத்தக் கணக்கு. அவர்களில் 572 பேர் உயிருடன் இருக்கிறார்கள். 47 பேர் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் மேற்படிப்புக்காக மாநிலத்தைவிட்டு வெளியே போயிருக்கிறார்கள்.

தலைப்பு தப்பு என்றதும் எல்லோரும் அடுத்த ஃபார்வர்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்தச் செய்திக்குள் இருந்த உண்மையான பிரச்சினை அப்படியே நிற்கிறது. போதை மருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி.யும் கல்லீரல் தொற்றும் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகின்றன? அதைத் தடுக்க நம் அரசு என்ன செய்கிறது? அதில் புது ஊசி கொடுப்பதும் ஒன்று என்று சொன்னால், "என்னது, அரசாங்கமே ஊசி கொடுக்குதா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை பேர்?

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 8.5 லட்சம் பேர் போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்கிறார்கள். இவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஓபியாய்டு வகை: ஒருபக்கம் ஹெராயின், இன்னொரு பக்கம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வலி நிவாரணிகள். கிட்டத்தட்ட சம அளவில்.

இது எங்கேயோ எல்லைப்புற மாநிலத்துப் பிரச்சினை என்று நினைத்தால், அந்த ஆய்வின் பட்டியலைப் பாருங்கள். வடகிழக்கோடு உத்தரப்பிரதேசம், பஞ்சாப், டெல்லி, ஹரியாணா, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் சமீப ஆண்டுகளில் டேபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள், அதை விற்றவர்கள் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது.

இப்போது தொற்றுக் கணக்கு. நாட்டில் 15 முதல் 49 வயதுள்ளவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2%. அதாவது 1,000 பேருக்கு 2 பேர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேக்கோவின் 2021 கண்காணிப்பு சர்வேயில், ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களிடம் அது 9.03%. அதாவது 40 மடங்குக்கும் மேல்.

இதே சர்வேயில் 2017-ல் இருந்த அளவு 6.26%. ஒவ்வொரு முறையும் சர்வே எடுக்கும் இடங்கள் கொஞ்சம் மாறும் என்பதால், "இவ்வளவு ஏறிடுச்சு" என்று நேராகச் சொல்லிவிட முடியாது. ஆனால் குறைந்துவிட்டது என்று சொல்ல நிச்சயம் வழியில்லை. அதே நேரம் நாடு முழுக்க ஓராண்டில் ஏற்படும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள், 2010-ஐ ஒப்பிட 2023-ல் சுமார் 44% குறைந்திருக்கின்றன. ஊர் முழுக்க வெள்ளம் வடிந்தும் ஒரு தெருவில் மட்டும் தண்ணீர் நிற்பது போன்ற நிலை இது.

ஊசியில் அப்படி என்ன இருக்கிறது?

ஊசி போடும்போது ஊசிமுனைக்குள்ளும் சிரிஞ்சுக்குள்ளும் கொஞ்சம் ரத்தம் தங்கும். அதே ஊசியை அடுத்தவர் போட்டால், அந்த ரத்தம் நேரே அவருடைய ரத்தக்குழாய்க்குள் போகிறது. இடையில் தோல் இல்லை, வேறு எந்தத் தடுப்பும் இல்லை.

"காய்ஞ்சா வைரஸ் செத்துடும்" என்று சொல்வார்கள். சிரிஞ்சுக்குள் கதை வேறு. சரியான வெப்பநிலையில் எச்.ஐ.வி. 42 நாட்கள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் 63 நாட்கள் வரை. ஊசியை மட்டும் பகிராமல் இருந்தாலும் போதாது. மருந்தைக் கரைக்கும் பாத்திரம், பஞ்சு, தண்ணீர் ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைட்டிஸ் சி தொற்றலாம்.

மணிப்பூரில் என்ன நடந்தது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் குழு கண்டுபிடித்தது. அங்கே அது பாலியல் உறவு வழியாகப் பரவிய தொற்று. மணிப்பூரில் கதை வேறு மாதிரி தொடங்கியது.

மியான்மர் எல்லையில் மோரே என்ற ஊர். தங்க முக்கோணம் எனப்படும் ஓபியம் விளையும் பகுதியிலிருந்து அந்த வழியாக ஹெராயின் வந்தது. உள்ளூரில் அதற்குப் பெயர் 'நம்பர் ஃபோர்'. 1989-ன் நடுப்பகுதி வரை, ஊசி போடுபவர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. கிட்டத்தட்ட இல்லை. அதன்பின் சில மாதங்களிலேயே, பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று தெரிந்தது. பூஜ்யத்திலிருந்து பாதிக்கு, ஓராண்டுக்குள்.

தொற்று அவர்களோடு நிற்கவில்லை. எச்.ஐ.வி. உள்ள, ஊசி போடும் ஆண்களின் மனைவிகளை மணிப்பூரில் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. அந்தப் பெண்களில் 45% பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஊசியைத் தொட்டவர்களே இல்லை.

ஆரம்பத்தில் கைது, சிறை என்றுதான் அரசு போனது. பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒளிந்துகொண்டார்கள். ஒளிந்த இடத்தில் ஊசி ஒன்றுதான், ஆள் பலர். 1996-ல் மணிப்பூர் தனக்கென ஓர் எய்ட்ஸ் கொள்கையை ஏற்றது. போதையை ஒரேயடியாக நிறுத்த முடியாதவரிடமும் பாதிப்பையாவது குறைக்கலாம் என்ற அணுகுமுறை அதில் இடம்பெற்றது. பின்னாளில் தேசியத் திட்டமும் அந்த வழிக்கே வந்தது.

ஊசி கொடுத்தால் போதை கூடாதா?

இந்தத் திட்டம் தரையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நேக்கோவின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறு மையங்கள் உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் பலர், ஒருகாலத்தில் தாங்களே ஊசி போட்டவர்கள். எந்தப் பாலத்துக்கு அடியில், எந்தப் பாழடைந்த வீட்டில் ஆட்கள் கூடுவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புது ஊசியைக் கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்குகிறார்கள். அதனால் பயன்படுத்திய ஊசி பார்க்கிலோ குப்பைமேட்டிலோ கிடந்து குழந்தைகள் காலில் குத்துவதும் குறைகிறது. அதோடு எச்.ஐ.வி. டெஸ்ட், புண்ணுக்கு மருந்து, ஆணுறை, மனைவிக்கும் டெஸ்ட், சிகிச்சைக்கு வழி. ஊசி ஒரு சாக்கு. ஆளை உள்ளே கொண்டுவருவதுதான் நோக்கம்.

இதனால் புதிதாக யாரும் போதைக்கு வருவதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி கிடைக்கவில்லை என்பதற்காகப் போதையை விட்டவர்கள் அரிது. கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம்.

நேரெதிர் உதாரணம் ஸ்காட்லாந்து. 1980-களில் எடின்பரோவில் சிரிஞ்ச் விற்பனையையும் வைத்திருப்பதையும் கடுமையாக ஒடுக்கினார்கள். அங்கே ஊசி போடுபவர்களில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. வந்தது. அவ்வளவு நெருக்கடி இல்லாத கிளாஸ்கோவில் அது 5% அளவிலேயே நின்றது. ஒரே நாடு, ஒரே ஹெராயின், ஒரு மணி நேரப் பயணத் தூரம்.

நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

ஊசியை மாற்றுவது முதல் படி. ஊசியே தேவைப்படாமல் செய்வது அடுத்த படி. அதற்குத்தான் மாற்று மருந்துச் சிகிச்சை. ப்யூப்ரினார்பின் என்ற மாத்திரையை மையத்தில் ஊழியர் முன்னிலையில் தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். மெத்தடோன் என்ற திரவ மருந்தும் சில மையங்களில் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்ற கேள்வி இங்கே வரும். ஹெராயின் எடுப்பவரின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உடல் நடுக்கம், வலி, வாந்தி. அதை அடக்கப் பணம் தேட வேண்டும், சரக்கு தேட வேண்டும், ஊசி தேட வேண்டும். இதில் வேலைக்குப் போவது எங்கே, குடும்பத்தைப் பார்ப்பது எங்கே? இந்த மாத்திரை மெதுவாக வேலை செய்கிறது. உச்சப் போதை தருவதில்லை. ஒரு நாள் முழுக்க அந்த நடுக்கத்தை அடக்கி வைக்கிறது. மீதி நேரம் அவருடையது.

பலன் அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து 54% குறைந்தது. ஹெபடைட்டிஸ் சி ஆபத்து 50% குறைந்தது. போதுமான அளவு புது ஊசியும் சேர்ந்து கிடைத்த இடங்களில் 74% வரை குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நடைமுறையில் பெரிய சிக்கல், தினமும் வர வேண்டும் என்ற விதி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு மையம் திறக்கும் நேரமும் வேலை நேரமும் மோதினால், முதலில் விடுபடுவது மருந்துதான். 2020 கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல், சில நாட்களுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதி வந்தது. நிலையாக இருப்பவர்களிடம் மாத்திரையை நம்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது.

குணமாகும் நோய், ஆனால் தெரியாது

எச்.ஐ.வி.க்கு வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி அப்படியில்லை. பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரை. 95% பேர் வரை முழுசாகக் குணமாகிறார்கள். 2016-ல் பஞ்சாப் இதை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலை 28-ல் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம்.

பிறகு என்ன தடை? 15 இந்திய நகரங்களில் ஊசி வழியாகப் போதை எடுக்கும் 14,481 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2015-ல் வெளியானது. ஹெபடைட்டிஸ் சி தொற்றின் அடையாளம் இருந்தவர்களில், அது தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 100-க்கு 6 பேர்கூட இல்லை. இந்த வைரஸ் பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாது. கல்லீரல் சுருங்கிய பிறகுதான் ஆள் மருத்துவமனைக்கு வருகிறார். தேசியத் திட்டத்துக்கு முந்தைய கணக்கு இது என்றாலும், அதன் பாடம் பழையதாகவில்லை. டெஸ்ட் நடக்காத இடத்தில் இலவச மருந்து இருந்தும் பயனில்லை.

சட்டம் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். 1985-ன் என்.டி.பி.எஸ். சட்டம், 27-வது பிரிவின்படி, ஹெராயின் பயன்படுத்தியதற்கே ஒரு வருடம் வரை சிறை விதிக்கலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின் 22-வது பிரிவு, தொற்றைத் தடுக்கப் புது ஊசி கொடுப்பதும் மாற்று மருந்து கொடுப்பதும் குற்றமாகாது என்கிறது.

காகிதத்தில் முரண்பாடு தீர்ந்தது போலத் தெரியும். ஆனால் பையில் சிரிஞ்ச் வைத்திருப்பவரைத் தெருவில் நிறுத்தும் காவலருக்கு எந்தச் சட்டம் முதலில் நினைவுக்கு வரும்? ஒரு தெருவில் ரெய்டு நடந்தால், அடுத்த சில நாட்கள் யாரும் மையத்துக்கு வரமாட்டார்கள். அந்தச் சில நாட்களில் ஊசி பகிரப்படும். போலீசும் சுகாதாரத் துறையும் உள்ளூர் அளவில் பேசிக்கொள்ளும் இடங்களில்தான் இந்தத் திட்டம் நிற்கும்.

உங்களுக்கு இதில் என்ன?

ஒன்று, ஊசியால் பரவும் தொற்று போதைக்காரர்களோடு நிற்பதில்லை. 2018-ல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், தகுதியில்லாத ஒருவர் ஒரே சிரிஞ்சைப் பலருக்கும் போட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. குழந்தைகள் உட்படப் பலருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. எந்த கிளினிக்காக இருந்தாலும், உங்கள் கண்முன் புது ஊசி பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு, ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. நாடு முழுக்க அது குழந்தைகளுக்கான அட்டவணையில் வந்ததே 2011 வாக்கில்தான். இப்போது நீங்கள் 25-ஐத் தாண்டியவர் என்றால், போட்டிருக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள்.

மூன்று, பயன்படுத்திய ஊசி தப்பித்தவறி குத்திவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. 28 நாள் மருந்தால் எச்.ஐ.வி.யைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது.

நான்கு, நண்பரோ தம்பியோ இதில் சிக்கியிருப்பது தெரிந்தால், கட்டி வைத்து அடிக்கும் 'மறுவாழ்வு மையங்களை'த் தேடாதீர்கள். போதை சிகிச்சைக்கான தேசிய உதவி எண் 14446. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் இலவசம்.

கடைசியாக, அடுத்த முறை 828 மாதிரி ஓர் எண் உங்கள் போனுக்கு வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருடக் கணக்கு? எத்தனை பேரைப் பரிசோதித்ததில்? அவர்களில் எத்தனை பேர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் அந்த மாணவர்களுக்கு முக்கியம். அதை யாரும் தலைப்பில் போடவில்லை.