அப்பாவின் கேசட் பெட்டியைத் தூக்கிப் போடும் முன்..!

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கும். உள்ளே தூசி படிந்த ஆடியோ கேசட்டுகள். ``இதை எதுலப்பா போட்டுக் கேட்கப்போறீங்க? பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடவா?'' என்று கேட்டுப் பாருங்கள். ``அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும், விடு'' என்பார் அப்பா. அந்தக் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருக்கும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

அன்றைக்குப் பாட்டு சும்மா கிடைக்கவில்லை. பிடித்த பாடல்களைப் பேப்பரில் எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான். எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மண்டையைக் குடைய வேண்டும். நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும்.

இன்னொரு காரணம், வயசு. சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் நமக்கு அதிகமாக ஞாபகம் வருகின்றன. உளவியலில் இதை `ரெமினிசென்ஸ் பம்ப்' என்கிறார்கள். முதல் காதல், முதல் வேலை, முதல் பிரிவு எல்லாமே பெரும்பாலும் அந்த வயதில்தானே! கூடவே ஒலித்த பாட்டும் அந்த ஞாபகங்களோடு ஒட்டிக்கொள்கிறது.

மூளைக்கும் இதில் பங்கு உண்டு. பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2011-ல் காட்டியது. உச்சமான இடத்தில் மட்டுமல்ல, `இதோ அந்த இடம் வரப்போகுது' என்று காத்திருக்கும்போதே அது சுரக்கிறதாம். நூறு தடவை கேட்ட பாட்டு அலுக்காததில் ஆச்சர்யமில்லை.

``இப்போ வர்றதெல்லாம் ஒரு பாட்டா?'' என்று அப்பா சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் உங்கள் பாட்டைத் திட்டவில்லை. தன் 20 வயதைத் தேடுகிறார். 1976-ல் `அன்னக்கிளி' கேட்டு வளர்ந்தவருக்கு ஒரு காலம். 1992-ல் `ரோஜா' கேட்டவருக்கு இன்னொரு காலம். நாளைக்கு நீங்களும் இதே வசனத்தைச் சொல்லத்தான் போறீங்க!

இன்னொரு சுவாரஸ்யம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கரோல் க்ரம்ஹான்சல் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதை ஒட்டிய மாணவர்கள், தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களோடும் நெருக்கமாக இருப்பது தெரியவந்தது. வீட்டில் ஒலித்தது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால், அந்தப் பெட்டியில் உங்களுக்கும் பங்கு இருக்கு.

அதனால், உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், பிளேயரும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றலாம். பாட்டு மொபைலிலேயே கிடைக்கும்தான். ஆனால், கேசட் அட்டையில் அப்பா கைப்பட எழுதிய அந்த லிஸ்ட் எங்கேயும் கிடைக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ``இந்தப் பாட்டை ஏம்ப்பா முதல்ல போட்டீங்க?'' என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார்.