மூணும் வெள்ளை... ஒண்ணு எமன்!
ஆப்ப சோடா எடுக்கும் முன் பொட்டலத்தைப் பாருங்க

வல்லக்கோட்டை:
7 அடி உயர முருகனால் பெயர் பெற்ற ஊர் வல்லக்கோட்டை. பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்த பிறகு வாடகை அறைகள் பெருகிவிட்டன. ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கினால், அரிசியும் சோப்பும் ஒரே அலமாரியில்தான். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது!

கடையில் வெறுமனே "சோடா கொடுங்க" என்று கேட்கக் கூடாது. ஆப்ப சோடா எனப்படும் சோடா உப்பு சமையலுக்கு. சலவை சோடா துணிக்கு மட்டும். மூன்றாவது, காஸ்டிக் சோடா. சோப்பு காய்ச்சவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் பயன்படுவது. வாயில் பட்டால் தொண்டை வெந்துவிடும்!

நல்ல சோடா என்ன செய்யும்?

பஜ்ஜி மாவில் 1 சிட்டிகை போட்டால், சூடு பட்டதும் கரியமில வாயு கிளம்பி மாவு உப்பும். அதற்கு மேல் போட்டால் கசப்புதான் மிச்சம்.

டிபன் பாக்சில் மீன் குழம்பு வாடையா? வெந்நீரில் 1 ஸ்பூன் கலந்து அரை மணி ஊற வையுங்க. போயே போச்சு! ஷிப்ட் முடிந்து வரும் வியர்வைச் சட்டைக்கும் இதே வைத்தியம்தான். அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்க விட்டால் கறை இளகும். அலுமினியத்துக்கு மட்டும் ஆகாது, கறுத்துவிடும்.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூட வேண்டும். சின்னத் தீ என்றால் ஆப்ப சோடாவை அள்ளித் தூவலாம். அவசரத்தில் மைதாவைத் தூவினால் குபீரென்று பற்றிக்கொள்ளும்!

வேண்டாம் விபரீதம்

நெஞ்செரிச்சலுக்குச் சோடாவைக் கரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. அதில் சோடியம் அதிகம். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சோடாவையும் வினிகரையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும்.

காஸ்டிக் சோடாவை யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. வரும் வழியில் தொண்டை இன்னொரு முறை வேகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே 108-ஐக் கூப்பிடுங்க. பொட்டலத்தையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்க.

ஆப்ப சோடா டப்பா மேல் பெயர் எழுதி ஒட்ட 1 நிமிஷம் போதும். காஸ்டிக் சோடா மட்டும் சமையல் அலமாரிப் பக்கமே வரக் கூடாது!