தீ மணி அடித்தால் நான்காவது மாடியிலிருந்து எப்படி இறங்குவது?

பல்கலைக்கழக நூலகத்தில் தீ மணி அடித்தால் லிஃப்டைத் தொடக்கூடாது, படியில் இறங்க வேண்டும். நடக்க முடிந்தவர்களுக்கு விதி அவ்வளவுதான். ஆனால், லிஃப்டில் மேலே வந்து படித்துக்கொண்டிருக்கும் சக்கர நாற்காலி மாணவிக்கு, வந்த வழியே அந்த நொடியில் அடைபட்டுவிடுகிறது. அவருக்கு வேறு வழி முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை இந்தப் பொறுப்பைக் கட்டடத்தை நடத்துவோரிடமே ஒப்படைக்கிறது. தீயணைப்பு வீரர்கள் வந்து தூக்கிக்கொள்வார்கள் என்று பல்கலைக்கழகம் இருந்துவிட முடியாது. எனவே, உதவி தேவைப்படும் மாணவரோடு உட்கார்ந்து பேசி, அவருக்கென்று தனி வெளியேற்றத் திட்டம் எழுதுகிறார்கள். எந்தப் படிக்கட்டு, என்ன கருவி, யார் துணை, வெளியே எங்கே போய்ச் சேர்வது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பல கட்டடங்களில் படிக்கட்டை ஒட்டி ஒரு காத்திருப்பிடம் உண்டு. தீயையும் புகையையும் சிறிது நேரம் தடுக்கும் சுவரும் கதவும், கீழே இருப்பவரோடு பேச ஒரு கருவியும் அங்கே இருக்கும். அது இடைத்தங்கல் மட்டுமே. அங்கிருந்து கீழே கொண்டுபோக ஆள் யார் என்று எழுதாத திட்டம் பாதித் திட்டம்.

அந்த ஆளின் கையில் இருக்க வேண்டியது வெளியேற்ற நாற்காலி. சுவரில் மடித்து மாட்டியிருக்கும். விரித்து அமர்த்தி, பட்டை கட்டி, பின்பக்கம் சாய்த்தால் அடியிலுள்ள ரப்பர் பட்டைகள் படி விளிம்புகளைப் பற்றிக்கொள்ள, நாற்காலி மெல்ல இறங்கும். பயிற்சி பெற்ற ஒருவரே இயக்கலாம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993-இல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே இவற்றை வாங்கி வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அந்த மையம் தாக்கப்பட்டபோது, கைகால் செயலிழந்த ஜான் அப்ரூஸோவை 69-ஆவது மாடியிலிருந்து சக ஊழியர்கள் இறக்கியது இத்தகைய நாற்காலியில்தான். ஆனால், சொந்த நாற்காலியிலிருந்து இதற்கு மாறுவது சிலரின் முதுகெலும்புக்கு ஆபத்து. அதனால் உட்காரப்போகிறவரைக் கேட்காமல் கருவியை முடிவுசெய்யக் கூடாது.

காது கேளாதவருக்கு மணி பயன்படாது. மின்னும் விளக்கோ அதிரும் பேஜரோ வேண்டும். குறிப்பாகக் கழிப்பறையிலும் தனி வாசிப்பறையிலும். பார்வையற்றவருக்கு வழக்கமான வாசல் பழக்கமாயிருக்கும், அவசரப் படிக்கட்டு பழகியிருக்காது. ஓரிரு முறை அதில் நடந்து பார்க்க வைக்க வேண்டும். கால் முறிந்தவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் தற்காலிகத் திட்டம் போதும்.

நூலகத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. வகுப்பறைபோல இங்கே நேரமும் இருக்கையும் நிலையானவை அல்ல. தேர்வுக் காலத்தில் பல நூலகங்கள் விடிய விடியத் திறந்திருக்கும். பகலில் பயிற்சி பெற்ற ஊழியர் ஐந்து பேர் இருந்து, இரவில் காவலர் ஒருவர் மட்டும் இருந்தால், பகல் திட்டம் இரவில் செல்லாது. முன்னறிவிப்பின்றி வரும் வெளியாருக்கும் பொதுத் திட்டம் ஒன்று முகப்பு மேசையில் இருக்க வேண்டும்.

உதவி தேவைப்படுபவர் நீங்கள் என்றால், சேர்ந்த வாரத்திலேயே மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பிரிவில் திட்டம் கேளுங்கள். “இரவு பதினொரு மணிக்கு நான் மேல்மாடியில் இருந்தால் என்னை இறக்கப்போவது யார்?” என்று கேளுங்கள். பதிலில் ஓர் ஆளும் ஒரு கருவியும் ஒரு பயிற்சித் தேதியும் வர வேண்டும். வரும்வரை கேட்பது உங்கள் உரிமை.