கணிப்பொறி எச்சரிக்கை: எது மெய், எது போலி?

கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டுக் கொண்டிருக்கிறோம். திரையின் வலது மூலையில் ஒரு கட்டம் எழும்பி, "உங்கள் கணிப்பொறியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே அழுத்துக" என்கிறது. எதிரே நாலு வாடிக்கையாளர் நிற்கிறார்கள். எதையாவது அழுத்தித் தொலைப்போம் என்று அழுத்தி விடுகிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

காரைக்கால் வணிகர்களாகிய நமக்குக் கணிப்பொறி நின்றால் வியாபாரம் நின்ற மாதிரி. பக்கத்து நாகூருக்குச் சரக்கு அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம், ஜி.எஸ்.டி.யில் புதுவையின் எண் 34, தமிழ்நாட்டின் எண் 33. வரியுள்ள சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் இல்லாமல் வண்டி வாஞ்சூரைத் தாண்டக் கூடாது. அந்த அவசரத்தில்தான் பதறிப் போகிறோம்.

இப்படி மூலையில் எழும் கட்டங்களில் பல, வைரஸ் தடுப்பு மென்பொருளிலிருந்து வருபவையே அல்ல. என்றோ ஒருநாள் நாமோ, இரவில் அதே கணிப்பொறியில் விளையாடும் பிள்ளைகளோ, ஏதோ ஒரு இணையதளத்தில் 'அலவ்' என்ற பொத்தானை அழுத்தியிருப்போம். அன்று முதல் அந்தத் தளம் குரோம் வழியாக விளம்பரம் அனுப்பிக் கொண்டே இருக்கும். கட்டத்தை உற்றுப் பாருங்கள்: குரோம் என்ற பெயரும், வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அந்த முகவரியை நீக்கினால் தொல்லை விட்டது.

இதைவிட ஆபத்தானது, திரை முழுவதையும் அடைத்துக் கொண்டு, சத்தம் எழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் எச்சரிக்கை. மைக்ரோசாப்ட் தனது எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. அந்த எண்ணுக்குப் பேசினால், தூரத்திலிருந்தே நம் கணிப்பொறியை இயக்கும் மென்பொருளை ஏற்றச் சொல்வார்கள். பிறகு வங்கிக் கணக்கு அவர்கள் கையில். இத்தகைய கும்பல்கள் மீது மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் சேர்ந்து, 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை நடத்தியது. இந்தத் திரை வந்தால் எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். விலகாவிட்டால் கணிப்பொறியையே அணைத்து விடுங்கள், ஒன்றும் குடி முழுகாது. பணம் போய்விட்டதென்றால் தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

புதுக் கணிப்பொறியோடு இலவசமாக வரும் தடுப்பு மென்பொருள், தவணை முடிந்ததும் தினமும் பயமுறுத்தும். அது சந்தா கேட்கும் அறிவிப்பு, வைரஸ் அல்ல. வேண்டாமென்றால் முறையாக நீக்கி விடலாம். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் பொறுப்பேற்றுக் கொள்ளும்.

மெய்யான எச்சரிக்கையும் சில சமயம் தவறும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி மென்பொருள், விண்டோஸின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்ததில் உலகெங்கும் கணிப்பொறிகள் முடங்கின. நம் பில் மென்பொருளை உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார். தடுப்பு மென்பொருளுக்கு அது முன்பின் அறியாத ஆள், ஆகவே சந்தேகப்படும். உடனே 'டெலிட்' கொடுத்தால் பேரேடும் பாக்கிக் கணக்கும் திறக்காமல் போகலாம். 'குவாரண்டைன்' என்று வந்தால் கோப்பைத் தனியே பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். திரும்ப எடுக்க முடியும். எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அன்றன்றைய கணக்கைக் கடை சாத்துமுன் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய் விடுங்கள்.